பச்சையாய் நிற்கும் பதர்

பெர்த் நகரிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் கோதுமையைத் தவிரக் கண்ணுக்கு வேறு எதுவும் அகப்படாது. கொரிஜின், கொண்டினின், நரம்பீன் என்று பலகைகளில் ஊர்ப்பெயர் வரும். ஊர் வர வெகுநேரமாகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பட்டை இதுதான். அங்கே செப்டம்பர் என்றால் வசந்தம். கதிர் வெளிவந்திருக்கும். ஒருநாள் விடிகாலையில் வாசலுக்கு வந்தால் வேலிக்கம்பி, புல், காரின் கண்ணாடி எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருக்கும். ஒன்பது மணி வெயில் அத்தனையையும் துடைத்துப் போட்டுவிடும். வயல் நேற்று எப்படி நின்றதோ அப்படியே பச்சையாக நிற்கும்.

அந்தப் பச்சையை நம்ப முடியாது என்பதுதான் சங்கடம். வறட்சி சொல்லிக்கொண்டு வரும்: இலை சுருளும், நுனி கருகும். பூச்சி விழுந்தால் ஓட்டை தெரியும். வெள்ளம் வந்தால் சொல்லவே வேண்டாம். உறைபனி மட்டும் இலையைத் தொடாமல், தாளை வாட்டாமல், கதிருக்குள்ளே இருக்கும் பூவை மட்டும் கொன்றுவிட்டுப் போகும். வெளியே பயிர், உள்ளே பதர். நெல் தூற்றும்போது காற்றோடு பறக்கிற சாவியை நாம் களத்தில்தான் காண்கிறோம். இங்கே உழவருக்கு அது அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்தாக வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரவு. 'பனி பெய்கிறது' என்று நம் மொழி சொல்கிறது. உண்மையில் மேலிருந்து எதுவும் இறங்குவதில்லை. கீழே இருக்கும் வெப்பம்தான் மேலே போகிறது. பகலில் வெயிலை வாங்கிய மண்ணும் பயிரும் இரவில் அதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி நிறையத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே இருக்கிற இளஞ்சூட்டுக் காற்று கீழே கலந்துவிடும். மேகமும் இல்லாமல், காற்றும் அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவாக இருந்தால் வானத்தை நேராகப் பார்த்து நிற்கும் எதுவும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில் இதை விளக்கினார். புல்வெளியில் கம்பளிப் பஞ்சைப் போட்டுவைத்து, அதில் ஏறும் ஈரத்தை எடைபோட்டு, இரவிரவாக விழித்திருந்து கண்டுபிடித்தது.

அவருக்கு முன்பே இந்த வித்தையை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். அலகாபாத்தில் பனிக்கட்டி எடுக்கும் முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். தரையில் ஆழமில்லாத பெரிய குழி. அதில் கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ கனமாகப் பரப்புவது. அதன்மேல் மெல்லிய மண்சட்டிகளை வரிசையாக வைத்துக் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவது. தெளிந்த, காற்றில்லாத இரவில், சுற்றிலும் காற்று உறைநிலைக்குப் போகாமலே, விடிவதற்குள் சட்டியில் பனிக்கட்டி. தட்டை எதற்கு? மண்ணிலிருந்து மேலே வரும் சூட்டைத் தடுக்க.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மேற்கு ஆஸ்திரேலிய உழவர் தெரியாமல் அதே குழியைத்தான் வெட்டி வைத்திருக்கிறார். மண் அரிக்காமல், ஈரம் போகாமல் இருக்க அங்கே அறுவடைத் தாளை நிலத்திலேயே விட்டுவிட்டு அதனூடே விதைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் தாள் கனமாகக் கிடந்தால் பகலில் வெயில் மண்ணுக்குள் இறங்காது, இரவில் மண்ணின் சூடு மேலே ஏறாது. கதிர் நடுவே சட்டித் தண்ணீராக நிற்கும். மணல் பூமியும் அப்படித்தான், சூட்டைச் சேமித்துவைக்கத் தெரியாது, களிமண் சேமிக்கும். தாழ்ந்த இடத்தில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனிச் சேதம் ஒரே வயலில்கூடத் திட்டுத் திட்டாக இருக்கும்.

வானிலை நிலையத்துக் கணக்கும் இங்கே ஏமாற்றும். வெப்பமானி ஸ்டீவன்சன் கூண்டு என்ற வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ('புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா செய்த பெட்டி அது; கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்.) பெட்டிக்குக் கூரை உண்டு, கதிருக்குக் கிடையாது. பெட்டிக்குள் 2 டிகிரி காட்டும்போது வெட்டவெளியில் நிற்கும் கதிர் பூஜ்யத்துக்கோ அதற்கும் கீழேயோ போயிருக்கலாம். அதனால் விவரம் தெரிந்த உழவர்கள் கதிர் உயரத்திலேயே சொந்தமாக ஒரு வெப்பமானியைக் கட்டிவைக்கிறார்கள்.

சரி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் உடனே உறைந்துவிடுமா என்றால் இல்லை. சுத்தமான சின்னத் துளியை மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனாலும் அது நீராகவே நிற்கும். உறைவதற்குத் தண்ணீருக்கு ஒரு தூண்டுதல் வேண்டும்: ஒரு தூசி, ஒரு பழைய பனிப்படிகம், அல்லது ஒரு பாக்டீரியா. இலைகளின் மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா தன் உடம்பின் மேலேயே ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. நீர் மூலக்கூறுகளைப் பனிப்படிகத்தின் ஒழுங்கில் வரிசைகட்டி நிற்கவைக்கும் அச்சு அது. மைனஸ் 2 டிகிரியிலேயே உறைதல் தொடங்கிவிடும். செடியின் திசு உடைந்தால் அதற்குச் சாப்பாடு. பனிச்சறுக்குத் திடல்களில் செயற்கைப் பனி செய்ய இதே பாக்டீரியாவின் புரதத்தைத்தான் தண்ணீரில் கலக்கிறார்கள். அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை உருவாக்கி, 1987இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு வயல்களில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரை அனுமதியோடு திறந்தவெளியில் விட்ட முதல் சோதனை அது. எதிர்ப்பாளர்கள் இரவோடிரவாக வந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்தச் சரக்கு கடைக்கு வரவே இல்லை.

உறைதல் ஓரிடத்தில் தொடங்கினால் போதும், நரம்பு வழியே ஓடும். உறையும் நீர் வெப்பத்தை வெளிவிடும் என்பதால் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் குளிர்ந்து கிடக்கும் செடியில் சட்டென்று ஒரு வெளிச்சம் ஏறி நகர்வது தெரியும். செடி உறைகிற கணத்தில் கேமராவுக்கு அது சூடேறுவதாகத் தெரிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான். பனி முதலில் செல்லுக்கு உள்ளே உருவாவதில்லை. செல்களுக்கு இடையே உருவாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உறைபனியில் சாகும் செல் பெரும்பாலும் தாகத்தில்தான் சாகிறது.

இதே கோதுமை கனடாவிலும் உக்ரைனிலும் பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைப்பதில்லையா? பிழைக்கிறது. அப்போது அது வெறும் இலை. வளரும் குருத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். குளிர் மெல்ல மெல்ல ஏறும்போது செல்கள் சர்க்கரையைச் சேர்த்து, சவ்வை மாற்றித் தயாராகிவிடும். கதிர் தள்ளத் தொடங்கியதும் அந்தத் தயாரிப்பு கலைந்துவிடுகிறது. மண்ணுக்குள் இருந்த குருத்து இப்போது தாளின் உச்சியில், வானத்தைப் பார்த்தபடி, வயலிலேயே அதிகம் குளிரும் மட்டத்தில் நிற்கிறது. கதிரின் வெப்பம் ஏறத்தாழ மைனஸ் 3.5 டிகிரிக்கும் கீழே ஓரிரு மணி நேரம் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். வாற்கோதுமை கொஞ்சம் தாங்கும். ஓட்ஸ் அதைவிடத் தாங்கும்.

இப்போது வயலுக்குள் இறங்கலாம். உறைபனி விழுந்த அன்றே ஓடிப் பார்ப்பதில் பயனில்லை. செத்த திசுவும் உயிருள்ளதும் ஒரே நிறத்தில் இருக்கும். ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்க வேண்டும். வேலியோரத்துப் பயிரைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடாது. மேட்டில் தொடங்கி, சரிவில் நடந்து, பள்ளம்வரை போய், ஒவ்வோர் இடத்திலும் முப்பது கதிரையாவது பறிக்க வேண்டும். கையில் ஓர் ஊசி, ஒரு கைலென்ஸ், கூரான கத்தி.

கதிரை விரலில் சுற்றிப் பாருங்கள். நடுத்தண்டின் இரு பக்கமும் அடுக்கடுக்காகச் சிறுகதிர்கள். ஒவ்வொன்றிலும் சில பூக்கள். கோதுமைப்பூவுக்கு இதழ் கிடையாது, மணம் கிடையாது, தேனீயும் தேவையில்லை. இரண்டு உமிகளைப் பிரித்தால் மூன்று மகரந்தப்பைகள், ஒரு சூல், சூலின் தலையில் இறகு மாதிரி இரண்டு சூல்முடிகள். அவ்வளவுதான். கதிரின் நடுவில் பூ தொடங்கி மேலும் கீழுமாக நான்கைந்து நாளில் முடிந்துவிடும்.

நல்ல பூவில் மகரந்தப்பை இளம்பச்சையாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ, உருண்டு திரண்டு இருக்கும். உறைபனி தொட்டிருந்தால் உமிக்குள்ளேயே வெளுத்து, சூம்பி, சில சமயம் வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும். இங்கே புதிதாகப் பார்ப்பவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கதிருக்கு வெளியே வெள்ளையாகத் தொங்கும் மகரந்தப்பையைப் பார்த்துவிட்டு 'ஐயோ போச்சு' என்பார்கள். அது போகவில்லை. வேலையை முடித்துவிட்டு வெளியே வந்த வெறும் பை அது. கோதுமை உமி திறக்கும் முன்பே உள்ளுக்குள் மகரந்தம் சேர்ந்துவிடும். வெளியே வெள்ளை நல்லது, உள்ளே வெள்ளை கெட்டது. சந்தேகமென்றால் சூலைப் பார்க்க வேண்டும். கரு தரித்த சூல் நாளுக்கு நாள் பருக்கும். தரிக்காதது சின்னதாக, மங்கிப் பழுப்பாகிவிடும்.

பூத்து இரண்டு வாரம் ஆன கதிராக இருந்தால் சோதனை மாறும். மணியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்க வேண்டும். பால் பிடித்த மணியிலிருந்து வெள்ளைப் பால் வரும். உறைந்த மணி சாம்பல் பூத்து, நசுக்கினால் வைக்கோல் நிறத்தில் நீர்த்த சாறு கசியும். பால் பிடிக்கும் முன்பு நல்ல மணியிலும் தண்ணீர்தான் இருக்கும். அதனால் மேட்டில் தப்பித்த கதிரின் மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நசுக்க வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாமல் கொடுக்கிற தீர்ப்பு பாதிக்குப் பாதி பிழையாகும்.

சில கதிர்களில் பூ நன்றாக இருக்கும், தாள் அடிபட்டிருக்கும். இலையுறையைக் கீழே உரித்தால் கதிருக்குச் சற்று கீழே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். நகத்தை ஓட்டினால் சொரசொரக்கும். இரவில் வழிந்த ஈரம் இலையுறைக்குள் தங்கி, மோதிரம் போலத் தாளைச் சுற்றி உறைந்த இடம் அது. மேலே தண்ணீர் போவது தடைபடும். கதிர் வெளுத்துப்போகலாம், பிழைத்தாலும் அறுவடைக்கு முன் அந்த இடத்தில் ஒடியலாம்.

வெளுத்த கதிரைக் கண்டதும் உறைபனி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வேரழுகல் நோயும் கதிரை வெளுக்கவைக்கும். செடியைப் பிடுங்கினால் வேர் கருத்திருக்கும். ஃபியூசேரியம் பூஞ்சாளம் தாக்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைக் கதிர் நிற்கும், தாளின் அடி தேன்பழுப்பாக இருக்கும். அந்த மணல் பூமியில் செம்புச் சத்துக் குறைவு பழைய தொல்லை. அதுவும் மகரந்தத்தைக் கெடுத்துக் கதிரைப் பதராக்கும். யார் கொன்றார்கள் என்பது கதிரில் மட்டும் எழுதியிருப்பதில்லை. பள்ளத்தில் கூட்டமாக வெளுத்திருந்தால் பனி, சிதறி வெளுத்திருந்தால் நோய் என்று முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு வேரைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழக்கம்.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 300 கதிர், கதிருக்கு 30 மணி, மணிக்கு 35 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 315 கிராம். ஹெக்டேருக்கு மூன்று டன்னுக்குச் சற்று மேல். முப்பது கதிரில் எண்ணியபோது மூன்றில் ஒரு மணி பதராக இருந்தால் இரண்டு டன்னுக்கு இறங்கிவிடும். தப்பிய மணிகள் மற்றவற்றின் பங்கையும் கொஞ்சம் வாங்கிப் பருக்கும். ஆனால் கொஞ்சம்தான், மணியின் பருமனுக்கு ஓர் எல்லை உண்டு. மண்ணில் ஈரமிருந்தால் செடி அடியிலிருந்து புதுத் தூரும் விடும். பழுத்த கதிருக்குக் கீழே பச்சைக் கதிர். அறுவடை இயந்திரம் எதற்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் நிற்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பனிக்காலம் போன பிறகு பூக்கிற மாதிரி விதைத்தால் ஆகாதா? அங்கேதான் இன்னொரு பகை காத்திருக்கிறது. செப்டம்பரில் தப்பிய பூ அக்டோபர், நவம்பர் வெயிலில் மாட்டும். சூலும் மகரந்தமும் உருவாகும் நாட்களில் 30 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் மலடாகத் தொடங்கும். அதையும் தாண்டி மணி பிடித்துவிட்டால் வெயில் வேறு வழியில் வரும். மணிக்குள் சர்க்கரையை மாவாக மாற்றும் நொதி சூட்டில் மந்தமாகிவிடும். இலையோ அவசரமாகப் பழுக்கும். முப்பத்தைந்து நாளில் நிரம்ப வேண்டிய மணி முன்கூட்டியே கதவைச் சாத்திக்கொள்ளும். உறைபனி மணியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்றால் வெயில் பெரும்பாலும் மணியின் எடையைக் குறைக்கிறது. பனி ஓர் இரவில் முடித்துவிடும். வெயில் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும்.

இதை இந்தியா 2022இல் கண்கூடாகப் பார்த்தது. 1901இலிருந்து வைத்திருக்கும் பதிவில் அவ்வளவு சூடான மார்ச் வந்ததே இல்லை. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கோதுமை பால் பிடித்து நிரம்பிக்கொண்டிருந்த நேரம். கதிர்முழுக்க மணி இருந்தது, மணிக்குள் மாவு இல்லை. சுருங்கிய மணி 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் இல்லை என்ற விதியை மத்திய அரசு அந்த இரண்டு மாநிலங்களுக்கு 18 விழுக்காடு வரை தளர்த்தியது. அதற்கு ஓரிரு நாள் முன்பு, மே 13 அன்று, கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. வெயிலுக்குப் பறிகொடுத்த ஒரு மார்ச் மாதத்தின் எதிரொலி இது.

நெல்லும் இதற்கு விலக்கல்ல. நெற்பூ முற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் திறக்கும். அந்த நேரத்தில் கதிரருகே 35 டிகிரிக்கு மேல் இருந்தால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது. விடிந்தும் விடியாத வேளையில் பூக்கும் ஒரு காட்டு நெல்லின் குணத்தைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவர ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருப்பது இதற்காகத்தான். வெயிலிலிருந்து ஓட முடியாத செடி, கடிகாரத்தையாவது மாற்றிக்கொள்ளட்டும் என்று.

கோதுமைக்கும் எல்லாம் நாட்கணக்குதான். பனியும் குறைந்து வெயிலும் ஏறாத இடைவெளி ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு வாரம் தேறினால் அதிகம். பூ அதற்குள் விழ வேண்டும் என்று பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளை வைக்கிறார்கள். ஏப்ரல் 25, அன்சாக் தினம், அங்கே வெகுகாலமாக விதைப்புக்கு அடையாள நாள். குளிர்நாட்களை எண்ணி முடித்தால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் ரகங்கள் உண்டு; அவற்றை முன்கூட்டி விதைத்தாலும் அவசரப்பட்டுப் பூக்காது. எல்லாக் காட்டிலும் ஒரே ரகத்தைப் போட்டு ஒரே இரவில் அத்தனையையும் இழப்பதைவிட, இரண்டு மூன்று ரகத்தை நாள் தள்ளித் தள்ளி விதைத்துச் சேதத்தைப் பகிர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். எல்லாம் சரியாகச் செய்தும் செப்டம்பர் பனியும் அக்டோபர் வெயிலும் ஒரே கதிரை அடிக்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது மணியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தால் இரண்டும் தெரியும். பனி கண்ட மணியின் முதுகு குறுக்கே சுருக்கம் விழுந்து நெளிந்திருக்கும். வெயில் கண்டது வழவழப்பாகவே மெலிந்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் நழுவிவிடும்.

முன்பே தெரிந்தாக வேண்டும் என்றேனே, அது வைக்கோலுக்காக. மணி பிடிக்காத பயிரை உரிய நேரத்தில் பச்சையாக அறுத்து உலர்த்தினால் மாட்டுத் தீவனமாக விற்கலாம். மணிக்குப் போக வேண்டிய சர்க்கரை போக இடமில்லாமல் தாளிலேயே தங்கியிருக்கும். மாடு அதை விரும்பித் தின்னும். இரண்டு மூன்று வாரம் தாமதித்தால் தாள் நாராகிவிடும், விலை பாதியாகிவிடும். சீக்கிரமே அறுத்துவிட்டால் தப்பியிருக்கக்கூடிய மணியும் சேர்ந்து போகும். ஊசியால் உமியைப் பிரித்துப் பார்த்தவருக்கு எண்ணிக்கை கையில் இருக்கும். பார்க்காதவர் பச்சையை நம்பி டிசம்பர்வரை காத்திருப்பார். அறுவடை இயந்திரம் ஓடும்; தானியத் தொட்டியில் சத்தம் கேட்காது; பின்பக்கம் பதர் மட்டும் பறக்கும்.

எண்ணியவரிடம் இன்னொன்றும் மிஞ்சும். எந்த மேட்டில் எத்தனை, எந்தச் சரிவில் எத்தனை, எந்தப் பள்ளத்தில் எத்தனை என்று எழுதிய தாள். அடுத்த ஏப்ரலில் விதைப்பெட்டியை நிரப்பும் முன் அதை எடுத்துப் பார்ப்பார். மேட்டுக்குக் கோதுமை, சரிவுக்கு வாற்கோதுமை. பள்ளத்துக்கு ஓட்ஸ்.